மூணாவது கை

சுவரில் போய் முட்டியாகிவிட்டது, இன்னும் சக்கரம் சுற்றுவதை விடவில்லை. டர்ர்ர் என்று ஒரே அழுகை. போக இடமில்லை என்று தெரிந்த பிறகும் எதற்கு இப்படிச் சுற்ற வேண்டும், நின்றால்தான் என்ன. நிற்காது, நிற்கத் தெரியாது. அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது, மனுஷ விரல் வந்து அதைத் தள்ளினால்தான் நிற்கும், இல்லாவிட்டால் பேட்டரி தீர்கிறவரைக்கும் சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சிவப்புக் கார். மோகன்ராம் சார் வாங்கி வந்தது. எங்கள் கம்பெனி ஹெச்.ஆர். ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்த வாரம் வந்தார், ஒரு பை ஆப்பிள், ஒரு சத்துமாவு டப்பா, என் பையன் கிஷோருக்கு இந்தக் கார். எனக்கு இரண்டு விரல் போனதற்கு அவனுக்குக் காரா என்று வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். வலது கையாலேயே போட்டு வலது கையாலேயே நீட்டினேன், இடது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுற்றி வைத்திருந்தேன். அவர் எதிரில் நான் ஏன் கையை மறைத்தேன்? அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. கிஷோர் கொஞ்ச நாள் ஓட்டினான், அப்புறம் இது மக்குக் காரும்மா என்று அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டான். அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் ஏழுமலை ஷேர் ஆட்டோ எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் போயிருக்கிறார். மனசுக்குள்தான் ஏழுமலை, வாயால் ஏங்க, கோபம் வந்தால் யோவ். வீட்டில் நான் மட்டும், மத்தியான வெயில் மட்டும், இந்த டர்ர்ர் மட்டும். சாயங்காலம் மோகன்ராம் சார் மறுபடியும் வருகிறார், பதில் கேட்க. அதற்குள் இந்தக் காருக்கு நிற்கச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். முட்டினால் தானாக நிற்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. எனக்கே தோன்றியது, தோன்றிவிட்டது, செய்கிறேன்.

பதில் என்ன பதில், ஒரு ஆமாம். நாளைக்கு விபத்தை விசாரிக்க அரசாங்க அதிகாரி கம்பெனிக்கு வருகிறார். அவர் முன்னால் உட்கார்ந்து, பட்டனில் கட்டையை நானேதான் வைத்தேன், கம்பெனிக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். சொன்னால் பேக்கிங்கில் லேசான வேலை, காலம் முழுக்க. சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவே இல்லை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் வேலை பார்த்த பிரஸ் மிஷினில் இரண்டு பட்டன் உண்டு, இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலே இருக்கிற இரும்பு இறங்கித் தகட்டை வெட்டும். அந்த மிஷினைச் செய்தவன் முட்டாள் இல்லை, இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் இரும்புக்கு அடியில் இருக்காது. ஆனால் டார்கெட் என்று ஒரு சனியன் இருக்கிறதே. இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தால் தகட்டை யார் வைப்பது, யார் எடுப்பது, டார்கெட் எங்கே வருவது. அதனால் இடது பட்டன் மேல் ஒரு ஆப்பு. பேக்கிங் பெட்டியை உடைத்துச் சீவிய கட்டை, பெருவிரல் தடிமன், நுனி மெலிசு. செருகிவிட்டால் பட்டன் அமுங்கியே கிடக்கும், இடது கைக்கு விடுதலை. அதற்கு எங்கள் லைனில் மூணாவது கை என்று பேர். ஷிப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர் தாமோதரன் ஒவ்வொரு மிஷினாகப் பார்த்துக்கொண்டு வருவார், "இன்னாம்மா, மூணாவது கை ட்யூட்டிக்கு வந்துச்சா?" சிரிப்போம். நானும்தான் சிரித்தேன். நான் அந்த லைனுக்கு வந்த முதல் நாளே அது பட்டனில் இருந்தது, எனக்கு முன்னால் அந்த மிஷினில் இருந்தவள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரு நாள் நான் அதை எடுத்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன். தாமோதரன் வந்து, தியானம் பண்றியா குணவதி, என்றார். மறுபடி செருகினேன். இப்போது, நீயேதான் வைத்தாய் என்கிறார்கள்.

சரி, கார். காரைப் பார். பழைய டார்ச் லைட்டை உடைத்து இரண்டு பித்தளைத் தகடு எடுத்தேன், மெலிசானது, விட்டால் வளைந்து கொடுத்துத் திரும்பி வரும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகிற ஒயரை நடுவில் வெட்டி, பல்லால் தோலை உரித்து, ஒரு முனையை ஒரு தகட்டில், மறு முனையை இன்னொன்றில் முறுக்கியாகிவிட்டது. தகடு இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் கார் ஓடும், பிரிந்தால் நிற்கும். வலது கை வேலை செய்ய, இடது கையின் கட்டைவிரலும் மோதிர விரலும் பிடித்துக்கொள்ளப் பழகிவிட்டன, இரண்டு பேரும் இத்தனை நாள் சும்மா இருந்த சோம்பேறிகள். நடுவில் இல்லாத இரண்டு விரலும் அரிக்கின்றன. சுட்டு விரல் நுனியில், நகத்துக்குப் பக்கத்தில், சரியாக அங்கே. நுனியும் இல்லை நகமும் இல்லை, அரிப்பு மட்டும் எப்படி வேலையை விட்டுப் போகாமல் இருக்கிறதோ. டாக்டரம்மா, அப்படித்தான் இருக்கும்மா, போகப் போகச் சரியாகிவிடும் என்றார். எங்கே சொறிவது? காற்றையா? முதலில் செய்த சுவிட்ச் இப்படி: காருக்கு மூக்கு மாதிரி ஒரு அட்டை, சுவரில் அட்டை முட்டினால் தகடு பிரிய வேண்டும். பிரிந்தது. நின்றது. நான் கையைத் தட்டக்கூடப் போனேன். அதற்குள் தகடு வளைந்த வேகத்தில் திரும்பி வந்து ஒட்டிக்கொள்ள, கார் ஒரு எட்டுப் பின்னால் வந்து மறுபடி ஓடி முட்டியது. நின்றது. திரும்பி ஓடியது. டக், டக், டக், டக். முன்னாலாவது ஒரே அழுகையாக அழுதது, இப்போது தலையைத் தலையைச் சுவரில் இடித்துக்கொள்கிறது.

எனக்குத் தெரிந்த ஆள் மாதிரியே இருக்கிறதே என்று பார்த்தால், அது நான்தான். இந்த வாரம் முழுக்க நான் செய்தது அதுதான். சொல்ல மாட்டேன் என்றேன். ஏழுமலை முகத்தைத் தூக்கிக்கொண்டு சாப்பிடாமல் எழுந்தார், உடனே சரி பார்க்கலாம் என்றேன். காலையில் வேலைக்குக் கிளம்புகிறவர்களை ஜன்னல் வழியாகப் பார்த்தால் மறுபடி மாட்டேன். கிஷோர் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்தால் மறுபடி பார்க்கலாம். நேற்று ஏழுமலை கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்த்துப் பேசத் தைரியம் இல்லாதபோது கண்ணாடியைப் பார்த்துப் பேசுவது அவர் வழக்கம். "ஒத்துக்கினா இன்னா கொறஞ்சி போவப் போற? கைதான் போச்சி, வேலையாவது நிக்கட்டுமே." நான் சொன்னேன், "உன் ஆட்டோ பிரேக்க நீயே புடுங்கிட்டுப் போயி இடிச்சன்னு சொல்லச் சொன்னா சொல்லுவியாய்யா நீ?" "அதும் இதும் ஒண்ணா?" "ஒண்ணுதான்." "நியாயம் பேசினா இந்த இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல எவன்டி உன்ன வேலைக்கு வெச்சிப்பான்? ஒரு கம்பெனி கேட்ல பேர் கெட்டா எல்லா கேட்லயும் கெட்ட மாதிரிதான்." அது உண்மைதான். அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியில் எனக்குத் தலை வாரிப் பின்னி விட்டவர் அவர்தான், கோணல் மாணலாக, நர்ஸெல்லாம் சிரிக்க. பயப்படுகிறார். நானும்தான் பயப்படுகிறேன். வீட்டிலேயே உட்கார்ந்து இந்தக் கையைப் பார்த்துக்கொண்டே காலம் தள்ள வேண்டுமே என்றுதான். ஆனால் பயம் வேறு, பொய் வேறு. நான் பயந்தவள் என்று நாளைக்கு அந்த அதிகாரி முன்னால் உட்கார்ந்து சொல்லச் சொன்னால் சொல்கிறேன். இடது கையை நானே தின்னக் கொடுத்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

எந்தக் கை போனால் என்ன, போனது நொடியில். தகடு ஒன்று உள்ளே சிக்கிக்கொண்டது, இழுத்தேன், வரவில்லை, இழுத்துக்கொண்டே இருந்தேன், வலது கை மட்டும் என்னைக் கேட்காமல் தன் பாட்டுக்குப் பட்டனை அமுக்கிவிட்டது. அந்தத் தாளம் அதற்கு. வை, அமுக்கு, எடு, வை, அமுக்கு, எடு, வீட்டுக்கு வந்து தோசை சுடும்போதுகூட அந்தத் தாளம்தான். வலிக்கவே இல்லை முதலில். எண்ணெய் வாசனை, மிஷினுக்கு விடுகிற, தண்ணீர் கலந்து வெளுத்த அந்த எண்ணெய், அதுதான் நினைவிருக்கிறது, அதோடு யாரோ கத்தினது, அது நானில்லை, பக்கத்து மிஷின் நூர்ஜஹான். அவள்தான் தாவி வந்து சிவப்பு பட்டனை அடித்தாள். எல்லா மிஷினிலும் காளான் குடை மாதிரி ஒரு சிவப்பு பட்டன் இருக்கும், அடித்தால் எல்லாமே அடங்கிவிடும். அடங்கினால் அடங்கினதுதான், பட்டன் திரும்பி வராது. கையால் பிடித்துத் திருகிவிட்டால்தான் வெளியே வரும்.

திரும்பி வராது.

அடியே குணவதி, இத்தனை நேரம் தலையை எங்கே அடகு வைத்திருந்தாய்! நின்றதும் திரும்பி வரக்கூடாது, அவ்வளவுதானே விஷயம். தகட்டைப் பிரித்தால் போதாது, பிரிந்த இடத்தில் எதையாவது செருகி வைக்க வேண்டும், மின்சாரம் போகாத எதையாவது. மரக்கட்டை. நுனி மெலிந்த கட்டை. காருக்கு மூக்காக முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், சுவரில் முட்டினால் பின்னால் போய் இரண்டு தகட்டுக்கும் நடுவில் நுழைந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். அப்புறம் கார் எத்தனை எட்டுப் பின்னால் வந்தால் எனக்கென்ன, கட்டை உள்ளே இருக்கும், யாராவது கையால் வெளியே இழுக்கிறவரைக்கும் ஒரு அங்குலம் ஓடாது. நுனி மெலிந்த கட்டைக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டாம். சமையல் அறையில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது, நூர்ஜஹானின் கைக்குட்டையில் சுற்றினபடி. போன வாரம் வந்திருந்தாள். பிரியாணி கொண்டு வந்தாள், நான் சாப்பிடுகிறவரைக்கும் சும்மா இருந்தாள், கிளம்பும்போது இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். "அன்னிக்கே உருவிட்டேன்க்கா. உன்ன வண்டியில ஏத்தறாங்க, நான் இத உருவினு நிக்கறேன். எதுக்குன்னு கேக்காத, எனக்கே தெரியல." நான் கைக்குட்டையைப் பிரித்துப் பார்க்கவில்லை. தொட்டால் கடிக்கும் போல இருந்தது. அப்போதுதான் சொன்னாள், என் மிஷினில் புது ஆள் வந்துவிட்டது, ஒடிசாப் பொண்ணு, மாமுனி என்று பேராம், பால் மணம் மாறாத முகமாம். "புதுக் கட்டை செருகிட்டாங்களா?" என்று கேட்டேன். நூர்ஜஹான் செருப்பை மாட்டிக்கொண்டே, "தமிழே வரல அதுக்கு. அந்த ரெண்டு வார்த்தை மட்டும் கத்துக்கிச்சி, மூணாவது கை, மூணாவது கைன்னு சொல்லி ஒரே சிரிப்பு" என்றாள்.

சிரிப்பு. நாங்கள் எல்லாருமே சிரித்துத்தான் தொடங்கினோம். கைக்குட்டையைப் பிரித்தேன். கடிக்கவில்லை. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன ஒரு கட்டை, அவ்வளவுதான். ஒரு பக்கம் மட்டும் ஏதோ பொருக்குத் தட்டியிருந்தது. என் ரத்தமோ என்று அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தேன், அப்புறம் வேலையைத் தொடங்கினேன். காரின் முன்னால் நூல் சுற்றி, நூலுக்குள் கட்டையை வழுக்கிப் போகிற மாதிரி நுழைத்து, நுனியைத் தகட்டுக்கு நேராக வைத்து ஓடவிட்டேன். முட்டியது, கட்டை கொஞ்சம் போனது, தகட்டைப் பிரிக்கிற அளவுக்குப் போகவில்லை. நுனி தடிமன். பட்டனை அமுக்க அது போதும், இத்தனூண்டு காருக்கு அவ்வளவு தெம்பு ஏது. இன்னும் மெலிசாகத் தேய்க்க வேண்டும். துணி துவைக்கிற கல்லில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வழிகிறது. கறுப்புக்குள்ளிருந்து ஒரு வாசனை, எண்ணெய் இல்லை, எண்ணெயைத் தாண்டி ரோஜாத் தண்ணீர் விட்டுக் குழைத்த சந்தன வாசனை, கல்யாண மண்டப வாசலில் அடிக்குமே, அது. திருப்பிப் பார்த்தேன். பொருக்கு ஈரத்தில் ஊறி மஞ்சளாகியிருந்தது. நடுவில் குங்குமம். ரத்தம் இல்லை. பொட்டு.

ஆயுத பூஜைப் பொட்டு. அட ஆமாம். போன ஆயுத பூஜைக்கு மிஷினையெல்லாம் துடைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்து, மிஷினுக்கு மிஷின் சந்தனம் குங்குமம் வைத்தார்களே. மிஷினுக்கு வைத்தவர் கட்டைக்கும் வைத்துவிட்டார். கட்டையும் ஆயுதம்தானே, நல்ல கூத்து. யார் வைத்தது? தாமோதரனாகத்தான் இருக்கும். இல்லை, தாமோதரன் அன்றைக்குச் சூடத் தட்டு வைத்திருந்தார், சூடம் சுட்டுக் கையை உதறினார், நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். அப்போது சந்தனக் கிண்ணம்? கிண்ணம் நூர்ஜஹான் கையில். பூஜைக்குத் துலுக்கப் பெண் கிண்ணம் பிடிக்கிறாளே என்று யாரோ முனக, மிஷினுக்கு மதம் உண்டாய்யா என்று யாரோ சொன்னார்கள். யார் சொன்னது? அந்தக் குரல். எனக்கு அன்றைக்கு மனசெல்லாம் பொரி பொட்டலத்தில் இருந்தது, கிஷோருக்கு இரண்டாகக் கேட்டு வாங்கலாமா என்று. கிண்ணத்துக்குள் ஒரு விரல் போய் வந்தது. மோதிர விரல், பொட்டு வைக்க மோதிர விரல்தான். விரலில் மோதிரம். மோதிரத்தின் பச்சைக் கல்லிலும் சந்தனம் அப்பியிருந்தது, நூர்ஜஹான் சொன்னாள், சார் மோதிரம், மோதிரத்தக் கழட்டிடுங்க சார் என்று. சார். பட்டு வேட்டி கட்டின சார். முதலாளி வெளிநாடு போயிருந்தார், அந்த வருஷம் பெரிய கை வேறு யாரும் இல்லையென்று வந்தவர். என் மிஷினில் குனிந்தவர், பட்டன் மேல் இருந்ததைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். கேட்டார்! தாமோதரன் இளித்துக்கொண்டே, அது மூணாவது கை சார் என்றார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். "கைன்னா அதுக்கும் ஒரு பொட்டு வெச்சிட வேண்டியதுதான்" என்றார், வைத்தார், அடுத்த மிஷினுக்குப் போனார், அங்கேயும் வைத்தார், அதற்கடுத்ததிலும். இதே பச்சைக் கல் மோதிரம்தான் என் வீட்டில் காபி டம்ளரைச் சுற்றி இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், தலைப்புக்குள் கையை வைத்துக்கொண்டு.

கம்பெனிக்குத் தெரியாதாம்.

துவைக்கிற கல் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா குணவதி, போன்ல யாரு?" என்றாள், "யாருமில்லக்கா, நான்தான்" என்றேன். கோபம் வந்தால் எனக்குச் சிரிப்புதான் முதலில் வரும், அப்புறம்தான் மற்றதெல்லாம். மற்றதெல்லாம் வந்தது. வந்ததும் பொட்டு இருந்த பக்கத்தைத் தொடாமல் மறு பக்கத்தை மட்டும் தேய்த்தேன், நிதானமாக, நுனி வெற்றிலைக் காம்பு மாதிரி ஆகிறவரைக்கும். வெயிலில் காய வைத்தேன். நூலுக்குள் நுழைத்தேன், பொட்டு மேலே தெரிகிற மாதிரி. அடியில் சுவிட்சைத் தள்ளி அறையின் இந்தக் கோடியிலிருந்து விட்டேன். கட்டில் காலைத் தாண்டி, பாயைத் தாண்டி, சுவர். ஒரு சத்தம், அவ்வளவுதான். கட்டை உள்ளே போனது, சக்கரம் நின்றது, கார் ஒரு எட்டுப் பின்னால் வந்தது, அங்கேயே நின்றது. நான் காத்திருந்தேன். அடுத்த டக் வரவில்லை. வீட்டில் அத்தனை அமைதி, குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்கிறது. எத்தனை நாளாக அது சொட்டிக்கொண்டிருக்கிறதோ. இன்னொரு தரம் விட்டேன், நின்றது. கட்டில் காலில் விட்டேன், நின்றது. என் பாதத்தை நீட்டி வைத்து விட்டேன், பெருவிரலில் வந்து மெல்ல முட்டி நின்றது, வலிக்கவே இல்லை. ஒரு மிஷின் இப்படித்தான் இருக்க வேண்டும், மனுஷ உடம்பில் பட்டால் நின்றுவிட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பா வேண்டும், ஒரு கட்டை போதும், அதை எதற்கு வைக்கிறோம் என்பதுதான் வேண்டும். போன் அடித்தது, ஏழுமலை. "சார் கிளம்பிட்டாராம். நல்லபடியா பேசு, இன்னா?" நல்லபடியாகத்தான் பேசப்போகிறேன் என்றேன். "குணா," என்றார். கல்யாணமான புதுசில் அப்படிக் கூப்பிடுவார். அப்புறம் ஆட்டோவை ஓரம் கட்டி நிறுத்துகிற சத்தம் கேட்டது. "சரி, உனக்குத் தோணறத சொல்லு. வேல போனா போவுது போ," என்று வைத்துவிட்டார். இதை நேற்றே கண்ணாடியைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்னவாம்.

மோகன்ராம் சார் ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, சாக்ஸ் காலோடு உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கை பரவாயில்லையா என்றார், அரிக்கிறது என்றேன். காலையில் வண்டி அனுப்புவதாகச் சொன்னார். "ரெண்டே வார்த்தைதான் குணவதி. அவர் கேப்பார், நீங்க சொல்லப்போறீங்க, முடிஞ்சுது. அப்புறம் பேக்கிங்ல உட்கார்ந்து நிம்மதியா வேலை பாருங்க." குரலில் அத்தனை கரிசனம். பொய்க் கரிசனம் என்றுகூடச் சொல்ல முடியாது, அவருக்கும் யாரோ ஒருத்தர் ரெண்டே வார்த்தை என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். சொல்லட்டும், எனக்கென்ன. இந்தத் தடவை நான் காபி போடவில்லை, இடது கை மட்டும் பழக்கத்தில் மறுபடி தலைப்புக்குள் போயிருந்தது. "சார், நீங்க கிஷோருக்குக் குடுத்த கார். ஓட்டிக் காட்டட்டுமா?" என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். கட்டையை வெளியே இழுத்துக் காரைத் தரையில் விட்டேன். நேராக அவரிடம் ஓடியது, சாக்ஸ் காலில் முட்டி, நின்றது.

"அட, தானா நிக்குதே! யாரு செஞ்சது?"

"நான்தான் சார்."

"பாத்தீங்களா, இந்தக் கையோடயே இவ்வளவு பண்றீங்க!" காரை எடுத்துத் திருப்பி அடி சுவிட்சைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "மறுபடி ஓட மாட்டேங்குதே?"

"உள்ள போன கட்டைய யாராவது வெளிய இழுத்தாத்தான் சார் ஓடும்."

அப்போதுதான் கட்டையைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது, எடுத்து வைக்க மறந்துபோன மாதிரி.

"மூணாவது கை சார்," என்றேன். "நீங்க பொட்டு வெச்சது."

"அது பூஜை குணவதி. மிஷின்ல இருக்கற எல்லாத்துக்கும் வெக்கறதுதான்."

"ஆமா சார். இது என்னன்னு கேட்டீங்க. தாமோதரன் சொன்னாரு. கேட்டுட்டுதான் வெச்சீங்க. நூர்ஜஹான் கிண்ணம் புடிச்சினு நின்னா."

அவர் வாசலைப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இத நான் எடுத்துட்டுப் போறேன்" என்று கட்டையை வெடுக்கென்று உருவினார். உருவினதுதான் தாமதம், தகடு இரண்டும் ஒட்டிக்கொண்டு கார் அவர் கைக்குள்ளேயே டர்ர்ர் என்று சுற்ற ஆரம்பித்தது. துள்ளிவிட்டார். எங்கே அமுக்குவது என்று தெரியாமல் காரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் இரண்டையும் வலது கையாலேயே வாங்கிக்கொண்டேன். கட்டையை அதன் இடத்தில் நுழைத்துக் கட்டைவிரலால் ஒரு தள்ளு. அடங்கியது.

"வேணும்னா எடுத்துனு போங்க சார், நான் தடுக்கல. லைன்ல எல்லா மிஷின்லயும் ஒண்ணொண்ணு இருக்கு, எல்லாத்துலயும் உங்க சந்தனம்தான். மாமுனி மிஷின்ல மட்டும் கெடையாது, அது புதுசு."

வெளியே பள்ளிக்கூடப் பிள்ளைகள் திரும்புகிற சத்தம் கேட்டது. அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், மடித்தார், மறுபடி துடைத்தார்.

"நாளைக்கு அதிகாரி, கட்டைய வெச்சது யாருன்னு கேப்பாரு," என்றார். "என்ன சொல்லப் போறீங்க?"

தலைப்புக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்தேன். அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன். சுட்டிக் காட்டுகிற விரல் அந்தக் கையில் இல்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்தது, குனிந்து தன் மோதிரத்தைப் பார்த்தார்.